பட்டறையிலிருந்து வகுப்பறைக்கும் மீண்டும் பட்டறைக்கும்: பொறியியல் கல்வியில் நிறைவுச் செயல்திட்டத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பொருளையோ அமைப்பையோ தாமே வடிவமைத்து உருவாக்கும் பாடம் நிறைவுச் செயல்திட்டம் எனப்படும். இன்று பல நாடுகளில் பட்டம் பெறுவதற்குரிய கட்டாயத் தேவையாக விளங்கும் இப்பாடம், பொறியியல் கல்வியின் தொடக்கம் முதலே இருந்ததன்று. கல்வி பட்டறையை விட்டு வகுப்பறைக்கு நகர்ந்தபோது இழந்த ஒன்றை மீட்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது வடிவம் பெற்றது. அம்மீட்சியின் வரலாற்றை அமெரிக்க, இந்தியச் சூழல்களில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மாணவரின் ஆக்கத்தை மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட ஒன்று சோதித்த இடங்களில் மட்டுமே செயல்திட்டம் உயிர்ப்புடன் இருந்தது என்பதும், அச்சோதனை நீங்கிய இடங்களில் அது ஏட்டுச் சடங்காகச் சுருங்கியது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பொறியியல் கல்வி, நிறைவுச் செயல்திட்டம், பட்டறைப் பயிற்சி, கிரின்டர் அறிக்கை, மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம், அனுசாட்.

முன்னுரை

மதிலின் உச்சியில் இறுதியாக வைத்து மூடப்படும் கல்லை ஆங்கிலத்தில் 'கேப்ஸ்டோன்' என்பர். மழைநீர் சுவருக்குள் இறங்காமல் காப்பதும், கீழுள்ள வரிசைகளைத் தன் எடையால் பிணைத்து நிறுத்துவதும் அக்கல்லின் வேலை. பொறியியல் பட்டப்படிப்பின் இறுதிச் செயல்திட்டத்திற்கு இப்பெயர் வழங்கப்படுவது பொருத்தமானதே. மூன்றாண்டுகளில் தனித்தனியே பயின்ற இயக்கவியல், வெப்பவியல், மின்னியல், பொருளறிவியல் ஆகியவற்றை ஒரே பணியில் பிணைப்பது அதன் நோக்கம். இக்கட்டுரை இதனை நிறைவுச் செயல்திட்டம் எனக் குறிக்கிறது.

இப்பாடத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கற்பித்தல் முறை பற்றியதாகவே அமைகிறது. குழுவில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை மதிப்பாய்வுகள் நடத்த வேண்டும், அறிக்கை எவ்வாறு அமைய வேண்டும் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. அதற்கென்று ஒரு வரலாறு உண்டு என்பது அரிதாகவே கருதப்படுகிறது. அவ்வரலாற்றை அறியாதபோது செயல்திட்டம் என்பது பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்ட ஓர் இணைப்பாகத் தோன்றும். அறிந்தபின், பொறியாளர் என்பவர் யார் என்ற நூற்றைம்பது ஆண்டு வழக்கின் தீர்ப்புகளுள் ஒன்றாக அது விளங்கும்.

1. விற்பனைப் பொருளும் பயிற்சிப் பொருளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் பட்டறையில்தான் உருவானார். பயிலுநராகச் சேர்ந்து, தலைமைக் கைவினைஞரின் கீழ் உழைத்து, படிப்படியாக உயர்வதே வழக்கம். 1862-இல் நிறைவேறிய மாரில் சட்டம், வேளாண்மையும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு நிலமானியம் வழங்கியது. அதன்பின் கல்லூரியில் பயின்ற பொறியாளர்கள் பெருகினர். பட்டறையில் வளர்ந்தோருக்கும் கல்லூரியில் வளர்ந்தோருக்கும் இடையே எழுந்த பிணக்கை மான்டி கால்வெர்ட் 1967-இல் வெளியிட்ட தம் நூலில் 'பட்டறைப் பண்பாடு', 'பள்ளிப் பண்பாடு' என்று பெயரிட்டு விளக்கினார். முன்னதற்கு அனுபவமே சான்று. பின்னதற்குக் கணிதமும் அறிவியலுமே சான்று.

கல்லூரிக்குள் பட்டறையைக் கொண்டுவருவது எப்படி என்ற வினாவிற்கு அக்காலத்தில் இருவேறு விடைகள் கிடைத்தன. முதல் விடை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் உருவானது. 1865-இல் நிறுவப்பட்ட வூஸ்டர் கல்வி நிறுவனத்தில், கம்பித் தொழிலதிபர் இக்கபாட் வாஷ்பர்ன் அளித்த கொடையால் ஒரு பட்டறை எழுந்தது. அது பெயரளவிலான பயிற்சிக்கூடமன்று. சம்பளம் பெறும் கைவினைஞர்களோடு மாணவர்களும் சேர்ந்து சந்தையில் விற்பதற்குரிய பொருள்களைச் செய்தனர். பொருள் பிழையாக இருந்தால் விலைபோகாது, அதுவே தேர்வு.

இரண்டாவது விடை உருசியாவிலிருந்து வந்தது. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளி தன் மாணவர்களின் பயிற்சி மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தது. அப்பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா-வோஸ், தச்சு, கடைசல், கருமான் வேலை, பொருத்துவேலை ஆகிய ஒவ்வொரு தொழிலையும் அடிப்படைச் செயல்களாகப் பகுத்து, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வரிசையில் அமைத்திருந்தார். ஒரு மாதிரியைச் செம்மையாக முடித்த பின்னரே மாணவர் அடுத்ததற்குச் செல்ல முடியும். அம்மாதிரிகள் எந்த இயந்திரத்திலும் பொருத்தப்படுவன அல்ல, பயில்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைக் கண்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவர் ஜான் ரங்கிள், அதே முறையில் தம் நிறுவனத்திலும் ஓர் இயந்திரக் கலைப் பள்ளியைத் தொடங்க வழிசெய்தார்.

இவ்விரு முறைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு கருதத்தக்கது. விற்பனைக்காகச் செய்யும்போது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்வதால் மாணவரின் கற்றல் குன்றும் என்பது உருசிய முறையினரின் வாதம். யாருக்கும் பயன்படாத பொருளைச் செய்பவர் செலவு, காலம், வாங்குவோரின் தேவை ஆகியவற்றை ஒருபோதும் உணரமாட்டார் என்பது வூஸ்டர் முறையினரின் வாதம். நடைமுறையில் உருசிய முறையே பரவலாக வென்றது. அதனை வகுப்பு, பாடவேளை, மதிப்பெண் ஆகிய சட்டகங்களுக்குள் எளிதாக அடக்க முடிந்ததே அதற்குக் காரணம். இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் முதலாண்டு மாணவர் அரம் கொண்டு தேய்க்கும் இரும்புத் துண்டும், உளி கொண்டு செதுக்கும் மரப்பூட்டும் இதே முறையின் சாயல் கொண்டவை.

மூன்றாவது வழியொன்றும் முயலப்பட்டது. 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர், மாணவர்களை ஒரு வாரம் தொழிற்சாலையிலும் மறுவாரம் வகுப்பறையிலும் மாறிமாறிப் பயிலச்செய்தார். பட்டறையைக் கல்லூரிக்குள் கொண்டுவராமல், மாணவரைப் பட்டறைக்கு அனுப்பிய இம்முறை கூட்டுறவுக் கல்வி எனப் பெயர்பெற்றது. ஆயினும் அங்கு மாணவர் செய்தது தொழிற்சாலையின் வேலை. தாமே ஒன்றைத் தொடங்கி வடிவமைத்து முடிக்கும் பொறுப்பு அதில் இன்றியமையாததன்று.

2. கிரின்டர் அறிக்கையும் அதன் விளைவும்

இரண்டாம் உலகப்போர் பொறியாளர்களின் தன்மதிப்பை அசைத்தது. ரேடார் ஆய்வை முன்னெடுத்த மாசசூசெட்ஸ் ரேடியேஷன் ஆய்வகத்திற்கு லீ டுபிரிட்ஜ் என்னும் இயற்பியலாளரே தலைமை ஏற்றார். அணுவாற்றல் ஆய்விலும் இயற்பியலாளர்களே முன்னின்றனர். 1947-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டரும் இயற்பியலின் கொடையே. கைந்நூல்களையும் நடைமுறை விதிகளையும் நம்பிப் பயின்ற பொறியாளர், புதிய துறைகளில் பின்தங்குவார் என்ற அச்சம் பரவியது.

இச்சூழலில் அமெரிக்கப் பொறியியல் கல்விக் கழகம் எல். ஈ. கிரின்டர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1955-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, திடப்பொருள் இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், வெப்ப-பொருண்மைப் பரிமாற்றம், மின்னியல் கோட்பாடு, பொருள்களின் இயல்பு என்னும் ஆறு பொறியியல் அறிவியல்களைப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் இப்பரிந்துரைக்கு அரசியல் விசையும் சேர்ந்தது.

கிரின்டர் அறிக்கை வடிவமைப்பைக் கைவிடுமாறு கூறவில்லை. பகுப்பாய்வும் வடிவமைப்பும் ஒருங்கிணைந்த படிப்பாக அமைய வேண்டும் என்றே அது வலியுறுத்தியது. அதன் முதற்கட்ட வரைவு, அறிவியல் சார்ந்த பொறியாளருக்கும் தொழில்துறைப் பொறியாளருக்கும் தனித்தனி வழிகளை முன்வைத்திருந்தது. கல்லூரிகளின் எதிர்ப்பால் அப்பகுப்பு நீக்கப்பட்டது. அதன்பின் கல்லூரிகள் அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் ஆர்வத்துடன் நிறைவேற்றின. போருக்குப் பிந்தைய அரசு ஆராய்ச்சி நிதி பகுப்பாய்வு வல்ல பேராசிரியர்களையே நாடியது என்பதையும், அதுவே பாடத்திட்டத்தின் திசையை மாற்றியது என்பதையும் வரலாற்றாசிரியர் புரூஸ் சீலி எடுத்துக்காட்டியுள்ளார். ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் பதவி உயர்வு பெற்றனர். வரைபலகையில் வடிவமைப்புக் கற்பித்தோர் ஓய்வுபெற்றபோது அவ்விடங்களுக்கு அத்தகையோர் வரவில்லை.

இதன் விளைவாக ஒரு புதிய வகைப் பட்டதாரி உருவானார். வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க அவருக்குத் தெரியும். ஆனால் தாம் வரையும் உறுப்பைக் கடைசல் பொறியில் செய்ய இயலுமா என்பது தெரியாது. வடிவமைப்பு அறிவின் பெரும்பகுதி சொல்லாலோ எண்ணாலோ அன்றி மனக்காட்சியாலும் கையனுபவத்தாலும் நிகழ்வது என்பதை யூஜின் ஃபெர்குசன் 1992-இல் வெளியிட்ட 'எஞ்சினியரிங் அண்டு தி மைண்ட்ஸ் ஐ' என்னும் நூலில் விரிவாக வாதிட்டார். அவ்வறிவைக் கல்லூரிகள் தாழ்வாகக் கருதியதே இழப்பின் வேர் என்பது அவர் முடிவு.

3. மீட்பின் மூன்று வழிகள்

இழப்பை உணர்ந்த சில நிறுவனங்கள் 1960-களிலும் 1970-களிலும் தத்தம் வழியில் மீட்பைத் தொடங்கின. அவற்றுள் மூன்று இக்கட்டுரையின் கருதுகோளுக்கு முதன்மையானவை.

முதலாவது, கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 1963-இல் தொடங்கப்பட்ட பொறியியல் 'கிளினிக்'. ஜாக் ஆல்ஃபோர்டு, மேக் கில்கெசன் ஆகிய பேராசிரியர்கள் இதனை உருவாக்கினர். பெயரே முறையை உணர்த்துகிறது. மருத்துவ மாணவர் மெய்யான நோயாளியைக் கண்டு பயில்வதுபோல, பொறியியல் மாணவர் மெய்யான சிக்கலை உடைய ஒரு நிறுவனத்தைக் கண்டு பயில வேண்டும் என்பது அதன் கருத்து. நிறுவனம் சிக்கலைத் தந்து கட்டணமும் செலுத்தும். மாணவர் குழு ஆசிரியரின் வழிகாட்டலில் தீர்வைத் தரும். மாணவரின் வேலையைச் சோதிப்பவர் ஆசிரியர் மட்டுமல்லர், அத்தீர்வுக்காகக் காத்திருக்கும் ஒருவரும்கூட.

இரண்டாவது, வூஸ்டர் நிறுவனம் 1970-இல் ஏற்ற புதிய கல்வித்திட்டம். கட்டாயப் பாடங்களின் நீண்ட பட்டியலைக் குறைத்து, செயல்திட்டங்களைப் பட்டத்தின் மையமாக அது மாற்றியது. மாணவர் தம் துறையில் ஒரு பெரிய செயல்திட்டத்தையும், தொழில்நுட்பத்திற்கும் சமூகத்திற்கும் உள்ள உறவைப் பற்றிய மற்றொன்றையும் முடிக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் விற்பனைப் பட்டறையை நடத்திய அதே நிறுவனம் இம்மாற்றத்தையும் முன்னெடுத்தது நோக்கத்தக்கது.

மூன்றாவது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் வுடி ஃபிளவர்ஸ் 1970-களில் வளர்த்தெடுத்த வடிவமைப்புப் பாடம். இது இறுதியாண்டுப் பாடமன்று; ஆயினும் இறுதியாண்டுச் செயல்திட்டங்களின் போக்கில் இதன் தாக்கம் பெரிது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரேவகையான சில்லறைப் பொருள்கள் அடங்கிய பை வழங்கப்படும். அவற்றைக் கொண்டு, குறித்த பணியைச் செய்யும் பொறியொன்றை உருவாக்க வேண்டும். பருவ இறுதியில் பொறிகள் ஒன்றோடொன்று அரங்கில் மோதும். இங்கு வாடிக்கையாளர் இல்லை, இயற்கையே தேர்வாளர். சக்கரம் வழுக்கினால் எவ்வளவு அழகிய கணக்கும் அதை நகர்த்தாது. இம்மரபிலிருந்தே டீன் கேமன் 1989-இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் பள்ளி மாணவர் ரோபோப் போட்டிகள் 1992 முதல் வளர்ந்தன. அவற்றின் வடிவமைப்பிலும் ஃபிளவர்ஸ் முன்னின்றார். 1976-இல் தென் கரோலைனா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாஹா வாகனப் போட்டியும் இதே இனத்தது. மாணவர் கட்டிய வண்டி கரடுமுரடான தடத்தில் ஓடியே தீரவேண்டும்.

வாடிக்கையாளர், சமூகம், இயற்கை என இம்மூன்று வழிகளும் சோதிப்போரை மாற்றின. மூன்றிலும் பொதுவானது, மதிப்பெண் இடுபவரை இணங்கவைப்பதால் மட்டும் மாணவர் தப்ப முடியாது என்பதே.

4. விருப்பம் விதியாதல்

தனி நிறுவனங்களின் விருப்பமாக இருந்த இம்முயற்சிகளை விதியாக மாற்றியது தர அங்கீகார முறை. அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்க 1932-இல் தோன்றிய அமைப்பு 1980-இல் 'ஏபெட்' என்று பெயர் மாறியது. கணிதத்திற்கு இத்தனை காலம், பொறியியலுக்கு இத்தனை காலம், மானிடவியலுக்கு இத்தனை காலம் என்று அளந்து அங்கீகரிப்பதே அதன் பழைய வழக்கம். 1990-களின் பிற்பகுதியில் ஏற்கப்பட்ட புதிய அளவுகோல்கள் அவ்வழக்கை மாற்றின. எதைக் கற்பித்தோம் என்பதை விட்டு, மாணவரால் எதைச் செய்ய இயலும் என்பதை அவை வினவின. முந்தைய பாடங்களின் அறிவைக் கொண்டு, பொறியியல் தரநிலைகளுக்கும் மெய்யான கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டுச் செய்யும் பெரிய வடிவமைப்பு அனுபவத்தில் படிப்பு நிறைவுற வேண்டும் என்ற தேவையும் அவற்றில் இடம்பெற்றது.

2000-ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் ஸ்வீடனின் சால்மர்ஸ், கே.டி.எச்., லின்ஷோப்பிங் பல்கலைக்கழகங்களும் இணைந்து கருதுதல், வடிவமைத்தல், செயற்படுத்தல், இயக்குதல் என்னும் நான்கு நிலைகளில் பாடத்திட்டத்தையே ஒழுங்கமைக்கும் இயக்கத்தைத் தொடங்கின. வடிவமைப்பு அனுபவம் இறுதியாண்டில் மட்டும் வருவது போதாது, முதலாண்டிலேயே தொடங்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

விதி பரவியதால் வாய்ப்பும் இடரும் ஒருங்கே வந்தன. செயல்திட்டம் எங்கும் உண்டு என்ற நிலை ஏற்பட்டது. எங்கும் அதே சோதனை உண்டு என்ற நிலை ஏற்படவில்லை. விதியால் ஒரு பாடத்தை உருவாக்க முடியும். தீர்வுக்காகக் காத்திருக்கும் மனிதரை விதியால் உருவாக்க முடியாது.

5. தமிழகச் சூழல்: சர்வே பள்ளியிலிருந்து குரோம்பேட்டை வரை

இவ்வரலாறு தமிழகத்தைத் தொடும் இடங்கள் தனிக் கவனத்திற்குரியவை. மைக்கேல் டாப்பிங்கின் பரிந்துரையால் 1794-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையருகே எட்டு மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளி, 1859-இல் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து பின்னர் கிண்டியில் நிலைபெற்றது. நிலமளப்போரையும் பொதுப்பணித் துறைக்குரிய பொறியாளர்களையும் உருவாக்குவதே காலனிய அரசின் தேவை. அத்தேவை குறுகியதே எனினும், சங்கிலியும் தளமட்டக் கருவியும் கொண்டு நிலத்தில் நின்று அளப்பது அப்பயிற்சியின் உள்ளீடாக இருந்தது. அளவு பிழைத்தால் நீர் எதிர்த்திசையில் ஓடும்.

விடுதலைக்குப் பின் இந்தியா இருவேறு பொறியியல் மரபுகளையும் ஒருங்கே வரவேற்றது. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டறைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் பேரிடம் அளிக்கப்பட்டது. அதே காலகட்டத்தில் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணையோடு வளர்ந்த கான்பூர்க் கழகம், கிரின்டர் அறிக்கைக்குப் பிந்தைய பொறியியல் அறிவியல் மரபைப் பின்பற்றியது. அமெரிக்காவில் அடுத்தடுத்த காலங்களில் எழுந்த வழக்கு, இந்தியாவில் ஒரே காலத்தில் இரு நகரங்களில் எழுந்தது எனலாம்.

இவ்விரண்டுக்கும் முன்பே, 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தை நிறுவியிருந்தார். வானூர்தி, தானூர்தி, மின்னணுவியல், கருவிநுட்பம் என அக்காலத்தில் பிற கல்லூரிகளில் அரிதாயிருந்த துறைகளை அறிவியல் பட்டதாரிகளுக்குக் கற்பிப்பது அதன் நோக்கம். 1950-களின் நடுப்பகுதியில் அங்குப் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், 1999-இல் வெளியான தம் தன்வரலாற்றில் ஒரு செயல்திட்டத்தை விவரித்துள்ளார். தாழப் பறந்து தாக்கும் வானூர்தியொன்றை வடிவமைக்கும் பணி அவரிடமும் நான்கு நண்பர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவியமைப்பு ஆகியவை மற்றவர்களுக்கு உரியன. பணியைப் பார்வையிட்ட இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் முன்னேற்றம் போதாது என்றார். ஒருமாத அவகாசம் கேட்ட மாணவருக்கு மூன்று நாள்களே தந்தார். திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் கூறினார். உணவையும் உறக்கத்தையும் விட்டு உழைத்த மாணவரின் அறைக்கு ஞாயிறன்று பேராசிரியர் தாமே வந்து, வரைபலகையைப் பார்த்துப் பாராட்டினார்.

இந்நிகழ்ச்சி இக்கட்டுரையின் கருதுகோளுக்கு ஒரு திருத்தத்தை வேண்டுகிறது. அங்கு வானூர்தி எதுவும் கட்டப்படவில்லை. காத்திருந்த வாடிக்கையாளரும் இல்லை. எல்லாம் தாளில் நிகழ்ந்தது. எனினும் அது சடங்காகவில்லை. அதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஐவரின் பணியும் ஒன்றையொன்று சார்ந்தது. காற்றியக்க வடிவம் முடியாமல் கட்டமைப்பை வரைபவர் முன்செல்ல இயலாது. எனவே ஒருவரின் தாமதத்தை மற்ற நால்வரும் உணர்வர். இரண்டாவது, ஆசிரியர் முடிந்த அறிக்கையை மட்டும் பார்ப்பவராக இல்லை. வேலை நடக்கும்போதே அதைப் பார்த்தார். எனவே மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட சோதனை என்பது கட்டப்பட்ட பொருளால் மட்டும் வருவதன்று. ஒருவரையொருவர் சார்ந்த பொறுப்பாலும், இடையில் வந்து நிற்கும் ஆசிரியரின் பார்வையாலும் அது வரக்கூடும். அந்நிறுவனத்தின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் வானூர்தியை நாமே உருவாக்க வேண்டும் என்ற பொருளில் கலாம் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவனிடமிருந்து முதற்பரிசு பெற்றதும் இதே காலத்துச் செய்தி.

6. தாளிலிருந்து விண்ணுக்கு

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே குரோம்பேட்டை வளாகத்தில் தாளைத் தாண்டிய முயற்சியொன்று நடந்தது. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்ட அந்நிறுவனத்தில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டலோடு அனுசாட் என்னும் 40 கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோள் உருவானது. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ஏவுகலம் அதனை விண்ணில் நிறுத்தியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவாகி விண்ணை அடைந்த முதல் செயற்கைக்கோள் இதுவே. இதனை ஒற்றை மாணவர் குழுவின் நிறைவுச் செயல்திட்டம் என்று கூறலாகாது. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் மாணவர்களும் பல ஆண்டுகள் பங்கேற்ற பணி இது. ஆயினும் நிறைவுச் செயல்திட்டத்தின் இலக்கணம் இதில் தெளிவாக விளங்குகிறது. ஏவுகலத்தில் இடம்பெறும் எந்தச் செயற்கைக்கோளும் அதிர்வு, வெப்பம், வெற்றிடம் ஆகியவற்றைத் தாங்க வேண்டும். மாணவர் செய்தது என்பதற்காக அச்சோதனைகள் தளர்வதில்லை.

இதனைத் தொடர்ந்து கர்நாடக, ஆந்திரக் கல்லூரிகள் ஏழு இணைந்து உருவாக்கிய ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுடைய ஸ்டட்சாட் 2010 சூலையிலும், எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபரிலும், சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் சத்தியபாமாசாட் 2016 சூனிலும் ஏவப்பட்டன. ஒரு வகுப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த வகுப்பு தொடரும் நீள்தொடர்ச் செயல்திட்டம் என்ற வடிவத்தை இவை இந்தியக் கல்லூரிகளுக்கு அறிமுகப்படுத்தின. தம் குறிப்பேட்டை அடுத்த ஆண்டு வேறொருவர் படித்து வேலையைத் தொடரவேண்டும் என்று அறிந்த மாணவர், அதை நூலகத் தட்டுக்காக எழுதமாட்டார்.

7. விலைக்கு வாங்கப்படும் செயல்திட்டம்

இச்சாதனைகளுக்கு இணையாக மற்றொரு வரலாறும் வளர்ந்தது. 1984 முதல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. ஒரு கட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூற்றைத் தாண்டியது. சிற்றூர்களிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பொறியாளராக இவ்விரிவு வழிவகுத்தது என்பது மறுக்கவியலாத சமூகப் பயன். ஆனால் இறுதிப் பருவச் செயல்திட்டம் விரிவின் வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. தொழில்துறை அனுபவமில்லாத இளம் ஆசிரியர் ஒருவரே பல குழுக்களுக்கு வழிகாட்ட வேண்டியிருந்தது. வளாக வேலைவாய்ப்புத் தேர்வுகள் பெரும்பாலும் செயல்திட்டம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டதால், வேலை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் அதனால் உடனடிப் பயனில்லை என்ற எண்ணம் வேரூன்றியது.

அந்த இடைவெளியை 'ப்ராஜெக்ட் சென்டர்' எனப்படும் கடைகள் நிரப்பின. நிரலோ மின்சுற்றோ, அச்சிட்டுக் கட்டிய அறிக்கையோ, வாய்மொழித் தேர்வில் கூறவேண்டிய விடைகளோ எதுவாயினும் அங்கு விலைக்குக் கிடைக்கும். இதனை மாணவரின் ஒழுக்கக்கேடாக மட்டும் காண்பது வரலாற்றுப் பார்வையாகாது. தலைப்புப் பதிவு, மூன்று மதிப்பாய்வுகள், குறித்த அளவிலான அறிக்கை, புறத்தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு என எல்லா விதிகளும் நிறைவேறுகின்றன. நிறைவேறாதது ஒன்றே. அப்பொருள் வேலை செய்யவில்லையெனில் மாணவரைத் தவிர வேறு எவரும் இழப்பதில்லை. மாணவரும் தாம் இழப்பதை அறிவதில்லை. விற்கும் பொருளைச் செய்து மாணவர் பயில வேண்டும் என்றது வூஸ்டர் பட்டறை. இங்கு மாணவரே வாங்குபவராகிவிட்டார். 1868-ஆம் ஆண்டின் கருத்து முற்றிலும் தலைகீழானது.

இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பு நாடானது 2014 சூனில். அதன்வழித் தேசிய அங்கீகார வாரியம் தரச்சான்று அளித்த படிப்புகள் பிற உறுப்பு நாடுகளிலும் ஏற்புப் பெறுகின்றன. குழுப்பணி, சமூகப் பொறுப்பு, சுற்றுச்சூழல் உணர்வு, வடிவமைப்புத் திறன் ஆகியவற்றை மாணவர் அடைந்தமைக்குக் கல்லூரிகள் சான்று காட்ட வேண்டும். செயல்திட்டமே அதற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. எனவே விலைக்கு வாங்கிய அறிக்கை பொய்யான சான்றாகவும் மாறிவிடுகிறது. நேர்மையாக உழைத்த சிற்றூர் மாணவரின் பட்டமும் அதனால் ஐயத்திற்குள்ளாகிறது என்பதே இதன் கொடிய பக்கம்.

முடிவுரை

நிறைவுச் செயல்திட்டத்தின் வரலாறு, செய்து கற்றலுக்கும் சொல்லிக் கற்றலுக்கும் இடையே நிகழ்ந்த வெறும் ஊசலாட்டமன்று. ஒவ்வொரு காலத்திலும் எழுந்த வினா, மாணவரின் ஆக்கத்தைச் சோதிப்பது எது என்பதே. வூஸ்டரில் சந்தை சோதித்தது. ஹார்வி மட்டில் சிக்கலைத் தந்த நிறுவனம் சோதித்தது. ஃபிளவர்ஸின் அரங்கில் உராய்வும் ஈர்ப்பும் சோதித்தன. குரோம்பேட்டையில் ஒரு காலத்தில் ஆசிரியரின் கண்ணும், பின்னொரு காலத்தில் ஏவுகலத்தின் அதிர்வும் சோதித்தன. கிரின்டர் அறிக்கைக்குப் பிந்தைய வகுப்பறையும் இன்றைய ப்ராஜெக்ட் சென்டரும் தோற்றத்தில் எதிரெதிரானவை. ஒன்று அறிவியலின் மிகுதி, மற்றொன்று அறிவின் இன்மை. ஆயினும் பொருளைச் சோதனையிலிருந்து காத்துவிடுவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

எல்லாக் கல்லூரிகளும் செயற்கைக்கோள் செய்ய இயலாது, செய்யவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியைச் சுற்றியும் விசைத்தறிக்கூடமும், நெல் அரவை ஆலையும், ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியும், மாற்றுத்திறனாளிகளின் இல்லமும் உள்ளன. அங்கெல்லாம் தீர்வுக்காகக் காத்திருக்கும் மனிதர் இருக்கின்றனர். வார இடைவெளியில் வரைபலகையருகே வந்து நிற்க ஓர் ஆசிரியருக்கு நேரமும், ஒரு முறை தோற்று மறுமுறை செய்ய மாணவருக்குக் காலமும் வாய்த்தால், பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாற்றாமலே செயல்திட்டத்தின் பொருள் மாறும். மதிலின் உச்சிக்கல் அழகுக்காக வைக்கப்படுவதன்று. மழை வரும்போதுதான் அதன் தேவை தெரியும்.